வருகையை நம்பியவர்கள் வேலைக்குப் போனார்கள்

கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கிக்குள் அடங்கும் பொந்து நாட்டில், கி.பி. 200-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு சபைத் தலைவர் இருந்தார். நல்ல பக்திமான், தாழ்மையுள்ளவர். அவரைக் கண்டித்து எழுதியவரே இதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் வேதத்தை ஊன்றி வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தனக்கு வரும் கனவுகளைத்தான் அதிகம் நம்பினார். ஒரு கனவு கண்டார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. அதன்பின் சபைக்கு முன்னால் நின்று, இன்னும் ஒரு வருஷத்தில் நியாயத்தீர்ப்பு நடக்கப்போகிறது என்று அறிவித்துவிட்டார்.

மக்கள் நம்பினார்கள். இரவும் பகலும் அழுது ஜெபித்தார்கள். பயம் பிடித்துக்கொண்டதில் வயல்களை அப்படியே போட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் உடைமைகளை விற்றுவிட்டார்கள். தலைவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: நான் சொன்னபடி நடக்காவிட்டால் இனி வேதத்தையே நம்பாதீர்கள், அவரவர் இஷ்டப்படி நடந்துகொள்ளுங்கள்.

வருஷம் கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மணமாகாமல் இருக்கத் தீர்மானித்திருந்த பெண்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆண்கள் வயலுக்குத் திரும்பினார்கள். அவசரப்பட்டு விற்றவர்கள் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதிவைத்தவர் ஆதிச் சபை எழுத்தாளர் ஹிப்போலிட்டஸ். தானியேல் புத்தகத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரையின் நான்காம் பகுதியில் இந்தச் சம்பவம் வருகிறது. கி.பி. 204 வாக்கில் எழுதப்பட்டது என்கிறார்கள். சீரியாவில் நடந்த இன்னொன்றையும் அங்கே சொல்கிறார். அங்கேயும் ஒரு சபைத் தலைவர், சகோதரர்கள் பலரை மனைவி பிள்ளைகளோடு வனாந்தரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வரும் கிறிஸ்துவை எதிர்கொண்டு சந்திக்க. மலைகளிலும் பாதைகளிலும் வழி தெரியாமல் அலைந்தார்கள். கொள்ளைக்கூட்டம் என்று நினைத்து ஆளுநர் அவர்களை வெட்டிப்போட்டிருப்பார். ஆளுநரின் மனைவி விசுவாசி. அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்தான் விஷயம் பெரிதாகாமல் அடங்கியது; இல்லாவிட்டால் எல்லாச் சபைகளுக்கும் உபத்திரவம் வந்திருக்கும்.

இந்த இரண்டு பக்கங்களையும் நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனது நிற்கிற இடம் அந்த வயல்கள்தான். உழவு இல்லாமல் ஒரு பருவம் போனால் என்ன ஆகும் என்று ஹிப்போலிட்டஸ் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. விதை இல்லை, கடன் வாங்க ஈடு இல்லை, மாட்டை விற்றாகிவிட்டது. கனவு கண்டவர் வெட்கப்பட்டார் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. விற்றவனுடைய பிள்ளைகளுக்கு அது ஒரு வரியில் முடிந்திருக்காது.

எங்கள் சபையில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி சமீபத்தில் என்னிடம் கேட்டான்: "அண்ணே, ஆண்டவர் இந்த வருஷமே வந்துட்டா நான் எதுக்கு அரியர் எழுதணும்?" அவன் சோம்பேறி இல்லை. யாரோ தேதி போட்டு அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு இரவு தூங்காமல் இருந்திருக்கிறான். இந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. சபை பிறந்து 20 வருஷம் ஆவதற்குள் கேட்கப்பட்ட கேள்வி இது. அதற்கு ஆதிச் சபை கொடுத்த பதில் நம் கையிலேயே இருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டித் தாண்டிப் போய், கடைசிக் காலத்தைச் சொல்லும் எக்காளத்தையும் மிருகத்தையும் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

புதிய ஏற்பாட்டில் முதலில் எழுதப்பட்டது எது என்று கேட்டால், ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தைத்தான் காட்டுவார்கள். பவுல் அதைக் கொரிந்துவிலிருந்து கி.பி. 50 அல்லது 51-இல் எழுதினார். தெசலோனிக்கே அப்போது ரோமருடைய மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகரம். கிழக்கையும் மேற்கையும் இணைத்த எக்னாத்தியா நெடுஞ்சாலை அதன் வழியாகப் போனது, துறைமுகமும் உண்டு. வேலை தேடி வருகிறவர்களும் சரக்கு ஏற்றுகிறவர்களும் கைத்தொழில்காரர்களும் நிறைந்த ஊர். பவுல் அங்கே கொஞ்ச காலம்தான் இருந்தார். அவரைத் தங்கவைத்திருந்த யாசோனுடைய வீட்டை ஜனக்கூட்டம் வளைத்துக்கொண்டது. இரவோடு இரவாகப் பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் பெரோயாவுக்கு அனுப்பிவைத்தார்கள். பிறந்து சில வாரமோ சில மாதமோ ஆன சபை, போதகர் இல்லாமல் நின்றது.

அவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று கேட்டு விசுவாசித்தவர்கள் அவர்கள். அதற்குள் சிலர் செத்துப்போனார்கள். வருகையைப் பார்க்காமல் போனவர்களுடைய கதி என்ன? நமக்கு இது ஞாயிறு பள்ளிக் கேள்வி மாதிரித் தோன்றலாம். போன வாரம் தாயை அடக்கம் பண்ணினவனுக்கு அப்படி இல்லை. நான்காம் அதிகாரத்தில் வரும் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் இந்த துக்கத்துக்குச் சொன்ன பதில்தான். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள். முந்திப்போனவர்கள் பிந்திவிட மாட்டார்கள். பவுல் அந்தப் பகுதியை எப்படி முடிக்கிறார் பாருங்கள்: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." தேற்றுவதற்காக எழுதின வசனத்தை எடுத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை நடுங்க வைக்கிற கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது தாங்காது. அதே வசனத்தைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனையில் வாசிக்கக் கேட்கும்போதுதான் அது எழுதப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும்.

எக்காளத்துக்குச் சற்று முன்னால், அதே நான்காம் அதிகாரத்தில் இன்னொரு புத்தி இருக்கிறது. அமைதலாயிருக்கப் பாருங்கள், உங்கள் சொந்த அலுவல்களைக் கவனியுங்கள், சொந்தக் கைகளினாலே வேலை செய்யுங்கள், வெளியே இருக்கிறவர்களிடம் யோக்கியமாய் நடந்துகொள்ளுங்கள், ஒருவருக்கும் பாரமாயிராதிருங்கள். இதற்கும் அந்த எக்காளத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற இடைவெளிதான். இதைச் சொல்ல பவுலுக்குத் தகுதியும் இருந்தது. உங்களில் ஒருவருக்கும் பாரமாயிராதபடிக்கு இரவும் பகலும் வேலை செய்துகொண்டே பிரசங்கித்தோம் என்று இரண்டாம் அதிகாரத்தில் நினைவூட்டுகிறார். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணின மனிதர் அவர். தோலோ கெட்டித் துணியோ, நாளெல்லாம் ஊசி இழுத்தால் விரல் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நிருபத்தில் குரல் இன்னும் கறாராக இருக்கிறது. இதைப் பவுலே எழுதினாரா, அவர் பெயரில் பின்னால் ஒருவர் எழுதினாரா என்று ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது எப்படியிருந்தாலும் ஆதிச் சபையின் குரல்தான். கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுச் சஞ்சலப்படாதீர்கள் என்று இரண்டாம் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அந்தப் பிரபலமான வரி: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." வேலையை விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று நிருபம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. வருகையை எதிர்பார்த்து விட்டார்கள் என்பது பழங்காலம் முதல் பலர் வாசித்த விதம். பணக்காரர்களை அண்டிப் பிழைக்கிற அந்தக்கால வழக்கம்தான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போது முதல் கருத்துதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த வசனம் வேலை கிடைக்காதவன்மேல் எறிகிற கல் இல்லை. மனதில்லாதவனைப் பற்றியது. அவனையும் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்திசொல்லுங்கள் என்று அதே அதிகாரம் முடிகிறது.

அப்புறம், திதாக்கே. பன்னிரண்டு அப்போஸ்தலருடைய போதகம் என்று பெயர். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தொகுக்கப்பட்ட ஒரு சின்னக் கைநூல். நூற்றுக்கணக்கான வருஷங்கள் காணாமல் போயிருந்தது. 1873-இல் பிலோத்தேயோஸ் பிரயேனியோஸ் என்ற கிரேக்க ஆயர் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு மடத்து நூலகத்தில் கண்டெடுத்தார், 1883-இல் அச்சிட்டார். அந்தப் பிரதி 1056-இல் லியோ என்ற எழுத்தர் படியெடுத்தது. மொத்தம் 16 அதிகாரம். கடைசி அதிகாரம் ஒன்றுதான் கடைசிக் காலத்தைப் பற்றியது.

முன்னால் இருக்கிற 15 அதிகாரங்களும் என்ன சொல்கின்றன? கொலை செய்யாதே, கருவிலிருக்கும் பிள்ளையை அழிக்காதே, பிறந்த சிசுவைக் கொல்லாதே, இரட்டை நாக்குக்காரனாய் இராதே. வேலைக்காரனிடம் கசப்போடு கட்டளையிடாதே. புதனும் வெள்ளியும் உபவாசி. கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று வேளை சொல். வருகிற பிரயாணிக்கு இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள் இடம் கொடு. தங்கிவிட நினைத்தால், கைத்தொழில் தெரிந்தவன் வேலை செய்து சாப்பிடட்டும். தொழில் தெரியாவிட்டால், சோம்பேறியாக ஒரு கிறிஸ்தவன் உங்கள் நடுவில் இருக்காதபடி அவனுக்கு என்ன செய்யலாம் என்று நீங்களே யோசித்து ஏற்பாடு பண்ணுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் அவன் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் பண்ணுகிறவன், ஜாக்கிரதை. ஊர் ஊராய் வரும் அப்போஸ்தலன் போகும்போது, அடுத்து தங்குமிடம் சேரும்வரை போதுமான அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி.

எவ்வளவு கணக்காக எழுதியிருக்கிறார்கள்! இந்த விதியை எந்த இறையியல் கல்லூரியும் உட்கார்ந்து உண்டாக்கியிருக்க முடியாது. ஏமாந்து ஏமாந்து, ஆனாலும் கதவை மூட மனமில்லாமல், ஒரு சபை கண்டுபிடித்த விதி இது.

இவர்கள் வருகையை மறந்தவர்கள் இல்லை. நற்கருணைக்குப் பின் சொல்லும் ஜெபத்திலேயே "கிருபை வரட்டும், இந்த உலகம் ஒழிந்துபோகட்டும்" என்று வேண்டுகிறார்கள். "மாரநாதா", அதாவது ஆண்டவரே வாரும், என்று முடிக்கிறார்கள். அந்த வாயோடுதான் மறுநாள் காலை வந்திருக்கும் விருந்தாளிக்கு என்ன வேலை பிடித்துக் கொடுக்கலாம் என்று பேசுகிறார்கள். 16-ஆம் அதிகாரமும் கணக்கு எதுவும் போடவில்லை. விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இடுப்புக்கச்சை தளராமல் இருங்கள், அடிக்கடி கூடிவாருங்கள், அந்த நாழிகை உங்களுக்குத் தெரியாது. கடைசியில் அன்பு பகையாக மாறும் என்கிறார்கள். ஆண்டவர் மேகங்கள்மேல் வருவதை உலகம் காணும் என்கிற இடத்தில் பிரதி நின்றுவிடுகிறது. லியோ அதற்குக் கீழே இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். இன்னும் ஏதோ இருந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பொந்துவுக்கே இன்னொரு பழைய சாட்சி உண்டு. கி.பி. 112 வாக்கில் பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநராயிருந்த இளைய பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். விசாரித்ததில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சாதிப்பதில்லை என்று உறுதியெடுக்கிறார்கள். உண்மை அறிய வேண்டி இரண்டு அடிமைப் பெண்களை, சபையில் ஊழியக்காரிகளாயிருந்தவர்களை, சித்திரவதை செய்தும் வேறொன்றும் கிடைக்கவில்லை என்கிறார். ஒப்படைத்த பொருள் என்கிற அந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வங்கி என்று ஒன்று எளியவனுக்கு இல்லாத காலத்தில், பயணம் போகிறவன் தன் காசைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போவான். திரும்பி வந்து கேட்கும்போது மறுக்காமல் எடுத்துக் கொடுப்பதை இவர்கள் கடவுளுக்கு முன்னால் சத்தியம் பண்ணினார்கள். அதே கரையோரத்தில் 90 வருஷம் கழித்து ஒருவர் கனவைச் சொல்லி வயல்களைக் காலியாக்கினார்.

கணக்குப் போட்டவர்கள் அந்தக் காலத்திலும் குறைவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 யார் என்று ஆள் தேடுகிறவர்களைப் பார்த்து, லியோன் நகரத்து ஆயர் இரேனியஸ் கி.பி. 180 வாக்கிலேயே அலுத்துக்கொண்டிருக்கிறார். அந்த எண் வருகிற பெயர்கள் பல உண்டு என்று இரண்டு மூன்றை அவரே எடுத்துக்காட்டுகிறார். பிறகு, ஊகிப்பதைவிட நிறைவேறுவதற்குக் காத்திருப்பதே பத்திரம் என்கிறார். அந்தப் பெயர் இப்போது தெரிய வேண்டியதாயிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் அல்லவா? பார்கோடு என்றும் ஆதார் அட்டை என்றும் நம் ஊரில் எத்தனை பேரைப் பயமுறுத்தினார்கள்! அவர்களில் ஒருவராவது இரேனியஸைப் புரட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இன்றைய துருக்கியின் உள்நாட்டுப் பகுதியான பிரிகியாவில் மொந்தானுவும் அவரோடிருந்த பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற தீர்க்கதரிசினிகளும் எழும்பினார்கள். பெப்பூசா என்ற சின்ன ஊரைப் புதிய எருசலேம் என்றார்கள். எனக்குப் பின் தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் என்றாள் மாக்சிமில்லா. யுத்தங்கள் வரும் என்றும் சொன்னாள். அவள் இறந்து 13 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, உலகத்திலும் யுத்தம் இல்லை, உள்ளூரிலும் இல்லை என்று அந்தக் காலத்தவர் ஒருவர் எழுதியதை யூசேபியஸ் தன் சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார்.

ஹிப்போலிட்டஸும் ஒரு கணக்குப் போட்டார் என்பதை மறைக்க முடியாது. உடன்படிக்கைப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைக் கூட்டினால் ஐந்தரை முழம், முழத்துக்கு ஆயிரம் வருஷம், ஆகவே உலகம் உண்டாகி 5500 வருஷத்தில் கிறிஸ்து பிறந்தார், 6000-இல் முடிவு. அந்தக் கணக்கில் முடிவு கி.பி. 500-ஐ ஒட்டி வரும். கணக்காக எடுத்தால் இதில் ஒன்றும் நிற்காது. ஆனால் யாருக்காகப் போட்டார் என்று பார்த்தால் எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது. நாளைக்கே முடிவு என்று நடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் இன்னும் சுமார் 300 வருஷம் இருக்கிறது, போய் விதை என்று சொன்ன மாதிரி அது. ஜுரத்தில் இருக்கிறவன் நெற்றியில் ஈரத்துணி போடுகிற வேலை. வியாதியை அது தீர்க்காது. அன்று இரவு தூங்கவைக்கும்.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனை நான் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பத் தேடிப் போவேன். எளிதில் பிடிபடுகிற ஆள் இல்லை. ஜெபத்தைப் பற்றி எழுதும்போது, உம்முடைய ராஜ்யம் வருவதாக என்று கேட்டுக்கொண்டே உலகம் நீடிக்க வேண்டும் என்று எப்படி விரும்பலாம் என்று கேட்கிறார். கி.பி. 197-ஐ ஒட்டி ரோம அதிகாரிகளுக்கு எழுதின வாதத்தில், முடிவு தாமதிக்க வேண்டும் என்று நாங்கள் ஜெபிக்கிறோம் என்கிறார். பிற்காலத்தில் மொந்தானுவின் பக்கமே சாய்ந்தார். அவசரமும் பொறுமையும் ஒரே மனிதனுக்குள் இப்படிச் சண்டை போட்டதை அவர் மறைக்கவில்லை. நானும் அதில் பொய் எதையும் பார்க்கவில்லை. ராஜ்யம் சீக்கிரம் வரவேண்டும் என்று கேட்கிறவனுக்கே, பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் மனந்திரும்பவில்லையே, கொஞ்சம் பொறும் ஆண்டவரே என்றும் சொல்லத் தோன்றும்.

அந்த வாத நூலில் நமக்கு நெருக்கமான ஒரு வரியும் உண்டு. கிறிஸ்தவர்கள் உலகத்துக்கு உதவாதவர்கள் என்று குற்றம்சாட்டினவர்களுக்குப் பதில் சொல்லும்போது, "நாங்கள் பிராமணர்களும் இல்லை, இந்தியாவின் ஆடையற்ற ஞானிகளும் இல்லை, காட்டில் வாழ்கிறவர்கள் இல்லை" என்கிறார். உங்களோடுதான் சந்தைக்குப் போகிறோம், இறைச்சிக்கடைக்குப் போகிறோம், குளிக்கிற இடத்துக்கு வருகிறோம், கப்பலேறுகிறோம், பயிர் செய்கிறோம், வாங்கி விற்கிறோம். நம் நாட்டுத் துறவைப் பற்றி அவருக்குக் கேள்விப்பட்டது மட்டும்தான் தெரியும், அதை விட்டுவிடலாம். வருகைக்குக் காத்திருப்பவன் இருக்க வேண்டிய இடம் எது என்று அவர் நினைத்தார் என்பது இதில் தெரிகிறது. ஊருக்கு நடுவில்.

முடிவு தாமதிக்கட்டும் என்ற ஜெபம் வருவது 39-ஆம் அதிகாரத்தில். சில வரி தள்ளி, அதே அதிகாரத்தில், சபையின் காணிக்கைப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். மாதத்தில் ஒரு நாளோ, மனது வந்தபோதோ, ஒவ்வொருவரும் சின்னத் தொகை போடுகிறார்கள், மனமிருந்தால், முடிந்தால் மட்டும், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் காசு விருந்துக்கோ குடிக்கோ போவதில்லை. ஏழைகளுக்குச் சோறு போடவும், செத்தால் அடக்கம் பண்ணவும் போகிறது. தாய் தகப்பனும் சொத்தும் இல்லாத பிள்ளைகளுக்குப் போகிறது. வேலைக்கு ஆகாமல் வீட்டோடு கிடக்கும் வயசான அடிமைகளுக்கு. கப்பல் உடைந்து எல்லாம் இழந்தவர்களுக்கு. அப்புறம், இந்த விசுவாசத்துக்காகவே சுரங்கங்களில் கல் உடைக்கவும், தீவுகளுக்கு நாடுகடத்தப்படவும், சிறையில் கிடக்கவும் தீர்ப்பானவர்களுக்கு.